கடல் குதிரையும் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்களும்

மீன் தொட்டி வச்சிருக்கிற யாரையாவது பிடிச்சு, "ஃபில்டர் எதுக்குங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. "தண்ணி அழுக்காகாம இருக்கத்தான்"னு பதில் வரும். பார்க்கவும் அப்படித்தான் இருக்கு. மோட்டார் தண்ணியை இழுக்குது, பஞ்சு வழியா விடுது, பஞ்சு கறுத்துப் போகுது, நாம பிழிஞ்சு கழுவுறோம். டீ வடிகட்டி மாதிரி ஒரு சமாச்சாரம்.

ஆனா நம்ம பாட்டிமார்களுக்குத் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு உண்டு. மண்பானையில தேத்தாங்கொட்டையை உரசி விட்டா கலங்கின தண்ணி தெளிஞ்சிடும். தெளிஞ்ச தண்ணியெல்லாம் நல்ல தண்ணி ஆயிடாது. கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கிற தொட்டியில மீன் செத்து மிதக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இது இன்னும் நல்லாவே புரியும்.

ஃபில்டர் என்பது அழுக்கை வடிகட்டும் சல்லடை இல்லை, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடு. இதை மனிதன் எப்படிக் கண்டுகொண்டான், கண்டுகொண்ட பிறகும் மீன் வளர்ப்பவர்கள் காதுக்கு அது போய்ச்சேர ஏன் அத்தனை காலம் ஆனது என்பதுதான் இந்தப் பதிவு. கூடவே கூட்டிக்கொண்டு போவது ஒரு கடல் குதிரையை. ஏன் கடல் குதிரைன்னு போகப் போகத் தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு, காபி டம்ளரோட உட்காருங்க :-)

பன்னிரண்டு நாள்

1836-ல் வில்லியம் யாரெல் என்ற ஆங்கிலேயர் பிரிட்டிஷ் மீன்களின் வரலாறு பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் கடல் குதிரைக்கு ஒரு பகுதி உண்டு. கெர்ன்சி தீவில் இருந்த லூக்கிஸ் என்பவர் அனுப்பிய குறிப்பை யாரெல் அதில் சேர்த்திருக்கிறார். இரண்டு பெண் கடல் குதிரைகளைக் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் பன்னிரண்டு நாளாக வைத்திருக்கிறார் லூக்கிஸ். அவை எதையோ தேடி அலைவது போலத் தெரிந்ததாம். உட்கார இடம் தேடுகின்றன என்று ஊகித்து, கடற்பாசியும் வைக்கோல் துரும்பும் போட்டிருக்கிறார். உடனே வாலைச் சுற்றிக்கொண்டு அமைதியாகிவிட்டன.

படிக்கும்போது எனக்கு அந்த மனுஷன் மேல ஒரு பிரியமே வந்துடுச்சு. அந்தக் காலத்தில் உயிரினம் என்றால் சாராயத்தில் ஊறப்போடும் பொருள். இவர் மட்டும் அதுக்கு என்ன வேணும்னு யோசிச்சிருக்கார். ஆனால் அந்தப் பாத்திரத்துத் தண்ணீருக்கு என்ன வேணும் என்று யோசிக்க அன்று யாருக்கும் வழி தெரியாது.

கடல் குதிரையின் உடல் அமைப்பைப் பார்த்தால் சிக்கல் புரியும். அதற்கு இரைப்பை கிடையாது. பல்லும் கிடையாது. குழாய் போன்ற வாயால் சின்னச் சின்ன இறால் வகைகளை உறிஞ்சும். தின்றது வேகமாகக் குடல் வழியே வெளியே வந்துவிடும். அதனால் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும், நாள் முழுக்கக் கழித்துக்கொண்டும் இருக்கும். நீந்துவதிலோ ரொம்ப மோசம். முதுகில் இருக்கும் ஒற்றைத் துடுப்பு நொடிக்கு 35 தடவை வரை அடித்தும் ஆமை வேகம்தான். பலமான நீரோட்டம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீரை மற்ற மீன்களைவிட அதிகமாக அசுத்தப்படுத்தும், ஆனால் அசுத்தத்தை அகற்றுகிற வேகமான ஓட்டத்தைத் தாங்காது. ஃபில்டர் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேண்டுமா?

ஜன்னலோரம் ஒரு வேலைக்காரப் பெண்

1846-ல் ஆனா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையில் சில பவளப்பூச்சிகளைச் சேகரித்து, ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவர் கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரிய பதவியில் இருந்தவர். லண்டனில் கடல் தண்ணீருக்கு எங்கே போவது? இருக்கிற தண்ணீரையே கெடாமல் வைத்துக்கொள்ள அவர் கண்டுபிடித்த வழி, திறந்த ஜன்னல் பக்கம் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றுவது. நம்ம டீக்கடையில ஆத்துற மாதிரியேதான். தினமும் அரைமணி, முக்கால் மணி நேரம். ஆற்றியது அம்மையார் மட்டும் இல்லை, வீட்டு வேலைக்காரப் பெண்ணும்தான். தொட்டியில் இன்று குமிழ் விடும் காற்று மோட்டாரின் முன்னோர் அந்தப் பெயர் தெரியாத பெண்.

காற்று கலந்தால் தண்ணீர் பிழைக்கிறது. இது முதல் பாடம். பாதி உண்மை.

இரண்டாவது பாடம் லண்டன் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டனுடையது. 1849-ல் பன்னிரண்டு காலன் தொட்டி ஒன்றில் இரண்டு சின்னத் தங்கமீன்களையும், வாலிஸ்நேரியா என்ற நாடா போல இலைவிடும் நீர்ச்செடியையும் வைத்தார். செடி உயிர்க்காற்றை விடும், மீன் சுவாசிக்கும், மீன் விடுவதைச் செடி எடுத்துக்கொள்ளும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் செத்த இலைகள் அழுகித் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிட்டது. குளத்து நத்தைகளை விட்டார். நத்தை அழுகல் இலையைத் தின்றது, நத்தையின் முட்டையை மீன் தின்றது. தொட்டி தெளிந்தது. 1850-ல் இதை வேதியியல் சங்கத்தில் கட்டுரையாகக் கொடுத்தார். 'சமநிலைத் தொட்டி' என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது.

ஒண்ணு கவனிச்சீங்களா? செடி, மீன், நத்தை. கண்ணுக்குத் தெரியும் மூன்று பேரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டார். நத்தையும் கழிக்கும்தானே? அந்தக் கழிவை யார் எடுத்துக்கொண்டது? நான்காவது ஆள் ஒருத்தர் அந்தத் தொட்டி மணலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வாரிங்டனுக்குத் தெரியாது. இந்த வாரிங்டனை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

லாய்டின் இருட்டுக் கிணறு

1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் வீடு திறந்தார்கள். அடுத்த வருஷம் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய அக்வேரியம் பற்றிய புத்தகம் வந்தது. இங்கிலாந்துக்கே மீன் தொட்டிக் காய்ச்சல். நடு ஹாலில் கண்ணாடித் தொட்டி இல்லாத வீடு வீடே இல்லை என்கிற நிலைமை. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் வாரிங்டன் மாதிரி பொறுமைசாலிகள் இல்லை. தொட்டி வாங்கின அன்றைக்கே மீனையும் விட்டார்கள். தண்ணீர் நாறியது, மீன் செத்தது, தொட்டி பரணுக்குப் போனது. ஜே. ஜி. வுட் என்ற பாதிரியார் 1868-ல் எழுதும்போது அந்த மோகம் அடங்கிவிட்டது.

அடங்காத ஒருத்தர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட். லண்டனில் மீன் தொட்டிக் கடை போட்டு, 1862-ல் திவாலாகி, ஜெர்மனிக்குப் போய் 1864-ல் ஹாம்பர்க் நகர அக்வேரியத்தை எழுப்பியவர். 1871-ல் லண்டனுக்குத் தெற்கே கிரிஸ்டல் பேலஸில் அவர் அமைத்த அக்வேரியத்தின் சூட்சுமம் கண்காட்சித் தொட்டிகளில் இல்லை, தரைக்கு அடியில் இருந்தது. காட்சித் தொட்டிகளின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும் இருட்டான நிலத்தடித் தேக்கம். நீராவி இயந்திரம் ராப்பகலாகத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். அது தொட்டி தொட்டியாக வழிந்து மறுபடி இருட்டுக்குள் போகும். தண்ணீரை மாற்றவே வேண்டாம், சுற்றவிட்டால் போதும் என்றார் லாய்ட்.

இருட்டு எதற்கு? வெளிச்சம் பட்டால் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகும், அதற்காக. பெரிய கொள்ளளவு எதற்கு? அழுக்கு நீர்த்துப் போகவும், வெயிலுக்கும் குளிருக்கும் தண்ணீர் சட்டென்று மாறாமல் இருக்கவும். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அந்த இருட்டுக் கிணற்றின் சுவரெல்லாம் வேறு ஒரு கூட்டம் குடியேறியிருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. காரணம் தெரியாமலே காரியம் நடந்துகொண்டிருந்தது.

சாக்கடைக்கு உறை ஊற்றியவர்கள்

இப்போ மீனை விட்டுட்டு பாரிஸ் சாக்கடைக்குப் போகணும். மூக்கைப் பிடிச்சுக்கோங்க.

சாக்கடைத் தண்ணீரை வயலில் பாய்ச்சினால் அதிலிருக்கும் அம்மோனியா காணாமல் போய், நைட்ரேட் என்கிற உப்பு வருகிறது. இது தெரிந்த விஷயம். வெடியுப்பும் இதே வம்சம்தான். ஆனால் இந்த மாற்றத்தை யார் செய்கிறார்கள்? காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மண்ணோடு சேர்ந்து செய்யும் வெறும் வேதிவினை என்பதே அன்று பலரின் எண்ணம்.

1877-ல் ஷ்லோசிங், மன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் நீளமான குழாய் ஒன்றில் நன்றாகச் சுட்ட மணலையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் நிரப்பி, சாக்கடைத் தண்ணீரை மேலிருந்து மெதுவாக விட்டார்கள். தண்ணீர் அடி வந்து சேர எட்டு நாள். முதலில் அம்மோனியா அம்மோனியாவாகவே வெளியே வந்தது. இருபது நாள் வரைக்கும் அப்படித்தான். பிறகு நைட்ரேட் தலைகாட்டியது, கூடிக்கொண்டே போனது, கடைசியில் அம்மோனியா மொத்தமாக மறைந்தது.

வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டாமா? இருபது நாள் எதற்குக் காத்திருக்கிறது? சந்தேகத்தை உறுதி செய்ய, குளோரோஃபார்ம் ஆவியைக் குழாய்க்குள் விட்டார்கள். நைட்ரேட் நின்றுபோனது. ஆவியை எடுத்துவிட்ட பிறகும் திரும்பவில்லை. கொஞ்சம் தோட்டத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். சில நாளில் மறுபடி நைட்ரேட்!

நம்ம வீட்டுல தயிருக்கு உறை ஊத்துறது இல்லையா, அதேதான். பால் மட்டும் எத்தனை நாள் வைத்தாலும் நல்ல தயிராகாது. ஒரு கரண்டி பழைய தயிர் போட்டால் உள்ளே போன உயிர்கள் பெருகி வேலையை முடிக்கும். நாளாவது அவை பெருகுவதற்குத்தான்.

இந்தச் செய்தியை இங்கிலாந்தில் பிடித்துக்கொண்டவர் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த ஒரு வேதியியலாளர். பிரெஞ்சுக்காரர்கள் சொன்னது சரிதான் என்று 1878-லேயே சோதித்து உறுதி செய்தார். வெளிச்சத்தில் வைத்த புட்டிகளில் இந்த வேலை தடைப்படுவதையும் கவனித்தார். (லாய்டின் இருட்டுக் கிணறு ஞாபகம் வருதா?) தொடர்ந்து பல வருஷம் உழைத்து, இது ஒரே வேலை இல்லை, இரண்டு கட்டம் என்று காட்டினார். முதல் வகை உயிர் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இரண்டாவது வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குச் சாப்பாடு.

அவர் பெயர் ராபர்ட் வாரிங்டன்.

அதே பெயரா? ஆமாங்க, நம்ம தங்கமீன் வாரிங்டனோட சொந்த மகன்! அப்பா 1850-ல் அந்தக் கட்டுரையைக் கொடுத்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயசு கூட நிறையவில்லை. மருந்தாளர் சங்கத்துக் கட்டடத்தில் வளர்ந்து, அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் படித்தவர். அப்பாவின் தொட்டியில் விடுபட்டுப்போன நான்காவது ஆளை மகன் கண்டுபிடித்தார். ஆனால் தேடியது தொட்டியில் இல்லை, கோதுமை வயலில்.

அந்த உயிர்களைத் தனியாகப் பிரித்தெடுக்க மட்டும் மகன் வாரிங்டனால் முடியவில்லை. அப்போது வழக்கத்தில் இருந்த ஜெலட்டின் தட்டில் அவை வளர மறுத்தன. 1890-ல் சூரிச்சில் இருந்த ரஷ்யர் செர்கெய் வினோகிராட்ஸ்கி, உயிர்ப்பொருளே கலக்காத உணவைக் கொடுத்து அவற்றைப் பிடித்துவிட்டார். சாப்பாடு போட்டால் வளராது, அம்மோனியாவும் காற்றும் கொடுத்தால் வளரும். விசித்திரமான விருந்தாளிகள்!

1890-களில் சாக்கடைப் பொறியாளர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சரளைக்கல்லைக் குவித்து, அதன்மேல் கழிவுநீரைச் சொட்டவிட்டு, கல்லில் ஒட்டியிருக்கும் உயிர்களைக் கொண்டு சுத்தம் செய்தார்கள். ஆனால் வீட்டில் மீன் வளர்ப்பவர்களுக்கு இது எட்டவே இல்லை. மண்ணாராய்ச்சிக்காரர் ஒரு பக்கம், சாக்கடைக்காரர் ஒரு பக்கம், மீன்காரர் ஒரு பக்கம். ஒரே தெருவில் குடியிருந்தும் ஒருத்தர் வீட்டு விசேஷம் இன்னொருத்தருக்குத் தெரியாத கதை. மீன்காரர்கள் இன்னும் பல பத்தாண்டுகள் அப்பா வாரிங்டனின் செடி-மீன்-நத்தைக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தபாலில் வந்த குதிரைகள்

1950-களில் சரளை அடி ஃபில்டர் பரவலானது. தொட்டியின் அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் சரளை, மூலையில் ஒரு குழாய். குழாய்க்குள் காற்றுக்குமிழ் ஏறும்போது தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகும். அதன் இடத்தை நிரப்பத் தண்ணீர் சரளை வழியாகக் கீழே இறங்கும். ஷ்லோசிங்கின் குழாயைப் படுக்கப் போட்ட மாதிரி. இருந்தும் வாங்கிய பலர் அதை அழுக்கு உறிஞ்சும் கருவி என்றே நினைத்தார்கள். சரளையை வெளியே எடுத்து வெந்நீரில் கழுவி, குடியிருந்தவர்களை மொத்தமாகக் கொன்று, அடுத்த வாரம் மீன் ஏன் செத்தது என்று முழித்தார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் சிறுவர் காமிக்ஸ் புத்தகங்களில் ஒரு விளம்பரம் வரும். உயிருள்ள கடல் குதிரை, தபாலில் வீடு தேடி வரும்! ஃபுளோரிடாவின் கடற்புல் படுகைகளில் பிடித்த, இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டுமே வளரும் குள்ளக் கடல் குதிரைகள். கூடவே உணவுக்கு ஆர்ட்டீமியா முட்டை. கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் கரைத்துவிட்டால் போதும் என்று நம்பிய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் கிண்ணத்தில் அவை எத்தனை நாள் இருந்தன என்று நினைத்தால் மனசு கனக்குது. லூக்கிஸ் காலத்துக்கும் அதற்கும் நூறு வருஷ இடைவெளி. பாத்திரம் அதே பாத்திரம்தான்.

வேறொரு வழி ஜகார்த்தாவிலிருந்து வந்தது. லீ சின் எங் என்பவர் 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் அப்பிய பாறைத் துண்டுகள், கடல் நீர், கொஞ்சம் காற்றுக்குமிழ். அவ்வளவுதான், ஃபில்டர் பெட்டியே இல்லை. பாறையின் நுண்துளைகளே ஃபில்டர். ஜெர்மனியில் 1960-களில் புரோட்டீன் ஸ்கிம்மர் பழக்கத்துக்கு வந்தது. பருப்பு கொதிக்கும்போது பொங்கும் நுரையைக் கரண்டியால் வழித்துப் போடுவோமே, அதே தத்துவம். மெல்லிய குமிழ்களில் கழிவு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும். அது அம்மோனியா ஆவதற்கு முன்பே வழித்து எறிந்துவிடலாம்.

1970-ல் ஸ்டீபன் ஸ்பாட் மூடிய தொட்டிகளின் நீர் மேலாண்மை பற்றி எழுதிய புத்தகம் இந்த பாக்டீரியா விஷயத்தை மீன் வளர்ப்பவர்கள் மொழியில் தெளிவாக வைத்தது. 1986-ல் ஜார்ஜ் ஸ்மிட் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் ஃபில்டரை அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் அறிமுகப்படுத்தியபோது ஒரே பரபரப்பு. பார்த்தால், அது 1890-களின் சாக்கடைச் சரளைப் படுகையேதான்! கண்ணாடிக்குப் பின்னால் வர நூறு வருஷம்.

எந்தப் பெட்டி?

இந்த வரலாறு எல்லாம் எனக்கு உபயோகப்பட்டது போன வருஷம். வட அமெரிக்காவில் இருக்கிற கல்லூரி நண்பன் ஒருத்தன் பண்ணையில் பிறந்த கடல் குதிரை ஜோடி ஒன்று வாங்கப் போவதாகவும், எந்த ஃபில்டர் வாங்கலாம் என்றும் கேட்டான். "மக பிறந்தநாளுக்குடா. ரெண்டு வாரம்தான் இருக்கு. எது நல்ல பிராண்டு, சட்டுனு சொல்லு" என்றான்.

பிராண்டு சொல்வதற்குப் பதில் இந்தக் கதையைச் சொன்னேன். கடையில் வரிசையாக இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு காலத்தின் பதில். குமிழ்க்கல் தைன் வீட்டு வேலைக்காரப் பெண். தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைக்கும் 'சம்ப்' லாய்டின் இருட்டுக் கிணறு. பஞ்சு ஃபில்டர் ஷ்லோசிங்கின் குழாய். உயிர்ப்பாறை லீ சின் எங். பாசி வளர்க்கும் தனி அறை அப்பா வாரிங்டன். கடல் குதிரைக்கு எது வேணும்னு கேட்டுட்டு, அப்புறம் கடைக்குப் போ என்றேன்.

குள்ள வகைக்கும் குஞ்சுகளுக்கும் பஞ்சு ஃபில்டர் போதும். மெதுவாக இழுக்கும், குஞ்சை உள்ளே உறிஞ்சாது. ஆனால் அவன் வாங்கவிருந்தது ஒரு சாண் அளவு வளரும் வகை. அதற்குப் பண்ணையில் பழக்கியிருப்பது உறைய வைத்த மைசிஸ் இறால். உயிருள்ள உணவு என்றால் தின்னும் வரை நீந்திக்கொண்டிருக்கும். செத்த உணவு மிச்சமானால் அங்கேயே அழுகும். அதனால் வெறும் பஞ்சு தாங்காது. மூடிய டப்பா போன்ற கேனிஸ்டர் ஃபில்டர் வைக்கலாம், ஆனால் மிச்ச உணவு உள்ளே போய் யாருக்கும் தெரியாமல் அழுகிக்கொண்டிருக்கும். அடிக்கடி திறந்து கழுவும் பொறுமை வேண்டும்.

கடைசியில் முடிவானது இது: கடல் குதிரை நிமிர்ந்தால் வரும் நீளத்தைப் போல மூன்று மடங்காவது உயரமுள்ள தொட்டி. கீழே ஒரு சம்ப், அதில் நுண்துளைக் கற்களும் ஸ்கிம்மரும். ஸ்கிம்மர் கீழே இருப்பதால் அதன் நுண்குமிழ் கடல் குதிரைப் பக்கம் வராது. திரும்பி வரும் தண்ணீர் ஒரே பீய்ச்சலாக இல்லாமல் பல துளை வழியாகப் பரவி வரணும். மூலைகளில் தண்ணீர் தேங்கவும் கூடாது, ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டு போகவும் கூடாது. தண்ணீர் இழுக்கும் வாய்க்குப் பஞ்சு உறை போடணும், இல்லாட்டி வால் மாட்டிக்கும். சூடு 22, 23 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே போனால் கடல் குதிரையைக் கொல்லும் விப்ரியோ கிருமிக்குக் கொண்டாட்டம்.

"சரி, எல்லாம் வாங்கிட்டேன். சனிக்கிழமை குதிரை வருது" என்றான்.

அங்கேதான் நிறுத்தினேன். அந்தப் பெட்டிகள் எல்லாம் காலி வீடு. குடி இன்னும் வரவில்லை. இன்று குதிரையை விட்டால் அது விடும் அம்மோனியாவைத் தின்ன ஆள் இல்லை. கடல் நீரின் காரத்தன்மை அதிகம் என்பதால் நன்னீரைவிட அங்கே அம்மோனியா கூடுதல் விஷம். உறை ஊற்றி, அம்மோனியா கொஞ்சம் கொடுத்து, தினமும் சோதித்துப் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும் வரை காத்திரு. நாலு வாரம் ஆகலாம், ஆறு வாரம் ஆகலாம். 1877-ல் அந்தக் குழாய் இருபது நாள் எடுத்துக்கொண்டது, உனக்காக மட்டும் அது அவசரப்படாது என்றேன். கொஞ்சம் கோபம்தான் அவனுக்கு. பிறந்தநாள் அன்றைக்கு மகளுக்குக் காலித் தொட்டியும் ஒரு சோதனைக் குழாய்ப் பெட்டியும்தான் கிடைத்தது. தண்ணீரின் நிறம் மாறுவதை நோட்டில் குறித்துவைப்பது அவள் வேலை என்றானது. ஐந்தரை வாரம் குறித்திருக்கிறாள். குதிரைகள் வந்தன, இன்றைக்கும் இருக்கின்றன.

நம்ம கடற்கரைக்கு இதில் என்ன?

இதைப் படிச்சுட்டு ராமநாதபுரம் பக்கம் யாரும் கிளம்பிடாதீங்க. இந்தியாவில் 2001 முதல் கடல் குதிரைகள் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிடிப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் அதற்கு முன்பு மூழ்கிப் பிடித்து, காயவைத்து, சீன மருத்துவத்துக்காக ஏற்றுமதி செய்தார்கள். 1995-ல் உலகம் முழுக்கக் குறைந்தது 2 கோடி கடல் குதிரைகள் இப்படி வியாபாரமாயின என்று அமண்டா வின்சென்ட் கணக்கிட்டார். 2004 மே மாதம் முதல் பன்னாட்டு வணிகத்துக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு வந்தது. தடையால் வருமானம் போனது ஏழை மீனவனுக்கு. தடைக்குப் பிறகும் இழுவை வலையில் கடல் குதிரை சிக்கிச் சாவது நின்றபாடில்லை. இரண்டு பக்க வலியும் உண்மை.

தொட்டிக்காகப் பிடிக்கப்பட்டவை இதில் சிறு பங்குதான். ஆனால் அவற்றுக்கு மாற்று வந்தது ஃபில்டரால்தான். ஹவாயில் கோனா கடற்கரையில் 1998-ல் தொடங்கிய ஓஷன் ரைடர் போன்ற பண்ணைகள் குஞ்சு பொரித்து வளர்த்து விற்க முடிந்தது, தண்ணீரை உயிரோடு வைத்திருக்கும் வித்தை கைவந்ததால். வாங்குகிறவன் வீட்டிலும் அந்த வித்தை இல்லாவிட்டால், பண்ணைக் குதிரையும் காமிக்ஸ் குதிரையின் கதிக்குத்தான் போகும்.

கொசுறு

மீன்காரர்கள் நூறு வருஷம் கழித்து அறிவியலிடம் கடன் வாங்கினார்கள் அல்லவா? அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1998-ல் ஹோவனெக் குழு நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்து, நைட்ரைட்டைத் தின்பது பாடப்புத்தகம் சொன்ன நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா என்ற வேறு இனம் என்று காட்டியது. 2005-ல் அம்மோனியாவைத் தின்னும் ஆர்க்கியா என்ற புது வகை நுண்ணுயிரை முதன்முதலாகத் தனியே வளர்த்தார்கள். கிடைத்த இடம் சியாட்டில் அக்வேரியத்தின் கடல்நீர்த் தொட்டிச் சரளை! பிற்பாடு பார்த்தால் கடல் முழுக்க அதன் சொந்தக்காரர்கள்தான்.

2015-ல் இன்னும் பெரிய செய்தி. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு கட்டத்தையும் ஒரே உயிர் தனியாகச் செய்யும் என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. மகன் வாரிங்டன் காலத்திலிருந்து 'ரெண்டு பேர் வேலை' என்று படித்ததை ஒருத்தரே செய்கிறார். அதில் ஒரு குழுவுக்கு அந்த உயிர் அகப்பட்டது எங்கே தெரியுமா? மீன் வளர்ப்புத் தொட்டி ஒன்றின் ஃபில்டரில்.

அப்பா தொட்டியில் தொடங்கியது, மகன் வயலில் தேடியது, மறுபடி தொட்டிக்கே வந்து நின்றிருக்கிறது. அதனால அடுத்த தடவை ஃபில்டர் பஞ்சைக் குழாயடிக்கு எடுத்துட்டுப் போகும்போது கொஞ்சம் நில்லுங்க. குளோரின் கலந்த குழாய்த் தண்ணி வேண்டாம். தொட்டித் தண்ணியிலேயே ரெண்டு அலசு அலசிட்டு வச்சிடுங்க. உள்ளே ஆள் இருக்காங்க.